தொல்லன்னை வடிவமும் மனையலங்காரப் பொருளும்

திருவடிவ வழிபாடு பற்றிய ஐயங்கள் நூலிடத்தினும் மனையிடத்தே மிகுதியாக எழுவன. அவ்வாறெழுந்ததோர் ஐயத்தை ஈண்டு ஆராய்வாம்.

எம்மிடம் பாடங் கேட்கும் அன்பர் ஒருவரது புதுமனை புகுவிழாவில், அயல்நாடு சென்று மீண்ட உறவினர் பீங்கான் தட்டொன்றைப் பரிசாக அளித்தனர். அதன்கண் இரண்டு பெண்வடிவங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. பண்டை அன்னைத் தெய்வங்கள் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியும் இருந்தது. அதன் பொருளைக் கேட்டறிந்த அன்பரின் தாயார் தட்டினைப் பூசையறையில் வைத்துக் குங்குமமும் இட்டனர். மகனார் வெகுண்டு அதனை வெளியே எடுத்துவிட்டனர். வழக்கு எம்மிடம் வந்தது. "அது வெறும் மண், கூடத்தில் மாட்டுக" என விரைந்து கூறினேம். அம்மையார், "ஐயா, எங்கள் காமாட்சியம்மன் படமும் வெறுந்தாள்தானே? அதனையும் கூடத்தில் மாட்டிவிடலாமா?" என்று வினவினர். அவ்வினாவுக்கு அன்று விடை கூறமாட்டாது வாளா இருந்தேம். பின்னர் எண்ணிக் கண்டதனை இங்கே எழுதுகின்றேம்.

முதற்கண் அவ்வடிவங்களின் வரலாறு அறிதல் வேண்டும். ஒன்று, ஆஸ்திரியா நாட்டில் தான்யூபு ஆற்றங்கரையிலுள்ள வில்லெண்டார்பு என்னும் சிற்றூரில் 1908-ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல்லாலாகிய அவ்வுருவம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் உயரமுடையது. செங்காவி பூசிய சுவடு அதன்மேல் உண்டு. கொங்கையும் வயிறும் பெருத்துள்ளன, முகத்திற் கண், மூக்கு, வாய் ஒன்றுமில்லை, பாதங்களும் இல்லை. ஏறத்தாழ 30,000 ஆண்டுத் தொன்மையது என்ப. இன்று வியன்னா நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. வீனசு என்னும் உரோமத் தெய்வப்பெயரை அதற்கு இட்டோர் பிற்காலத்தாரே.

மற்றொன்று எபேசு நகரத்து ஆர்த்தமிசு. அந்நகரின் இடிபாடுகள் இன்றைய துருக்கி நாட்டிற் செல்சுக்கு என்னும் ஊரின் அருகே உள்ளன. அவள் கோயில் பண்டையுலகின் ஏழு விந்தைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1956-இல் அந்நகரில் அவளுடைய பளிங்குத் திருமேனிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மார்பில் வரிசையாகத் தொங்குவனவற்றைக் கொங்கைகள் என்பாரும், முட்டைகள் என்பாரும், பலியிட்ட எருதின் விதைகள் என்பாரும் ஆய்வாளருள் உளர். அவள் கோயிலைச் சிறுவடிவாக வெள்ளியிற் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் தட்டாரைக் கிறித்தவரது திருத்தூதர் பணிகள் என்னும் நூல் குறிக்கின்றது. கையாற் செய்யப்பட்டவை தெய்வங்களாகா என்று பவுல் கூறிவந்தமையால் தம் தொழில் கெடும் என அஞ்சி, அவர் பிற தொழிலாளரைத் திரட்டினர் என அந்நூல் கூறும். ஆகலின் தெய்வவடிவை விலைப்பொருளாக்குதல் இக்காலத்துப் புதுவழக்கன்று.

இனி, இவ்விரண்டனையும் அளவைகளான் நோக்குவாம். காட்சியளவையால் அறியப்படுவது பெண்வடிவம் என்னும் அளவே. எபேசு வடிவைத் தெய்வமென வழிபட்டமைக்குக் கோயிலும் நூலுரையும் சான்றாகின்றன. வில்லெண்டார்பு வடிவிற்கோ உரைச்சான்று யாதுமில்லை. அதனைச் செய்தோர் எழுத்தறியார். அன்னைத் தெய்வமென்பது கருதலளவையாற் பெறுவதே. அக்கருதலும் ஐயமறத் துணியப்பட்டதன்று. தட்டில் எழுதிய ஒரு வரி, துணிந்ததனையும் துணியாததனையும் ஒரு நிரையாக்கி விட்டது.

அற்றேல், அன்னை வடிவெல்லாம் சத்தியின் வடிவே யாகலின் இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், அது பொருந்தாது. சத்தியாவது சிவத்தின் வேறன்றித் தீயும் சூடும்போல நிற்கும் அருள். பெண்ணுடல் பற்றிய பெயரன்று. ஆகலின் கொங்கை பெருத்த வடிவு கண்ட துணையானே சத்தி எனத் துணிதல் கூடாது. எனினும், எத்தெய்வத்தை வழிபடினும் அதுவாகி நின்று பயன் தருவார் அம்மையப்பரே என்பது சிவஞானசித்தியாரின் கருத்து. எனவே எபேசு மக்களது வழிபாடு பயனின்றிப் போயிற்று என நாம் இகழ்தலும் ஆகாது.

இனி அம்மையார் வினாவுக்கு வருவாம். தட்டு மண், படம் தாள். இரண்டும் மாயையின் காரியமே. பொருளளவில் வேற்றுமை காட்ட முயன்றதே எமது பிழை. எங்கும் நிறைந்த இறைவன் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல விளங்காது நிற்பன். திருக்கோயிலினும் அடியார் திருவேடத்தினும் தயிரில் நெய்போல விளங்கி நிற்பன் என்பர் மெய்கண்ட மரபினர். பாலைத் தயிராக்குவது உறையன்றோ? குரு உபதேசமும், மந்திரமும், நாடோறும் நிகழும் வழிபாடுமே அவ்வுறை. அம்மையாரின் மாமியார் காலந்தொட்டு விளக்கேற்றி வணங்கப்பட்ட காமாட்சியம்மன் படத்திற்கு அது வாய்த்தது. சுவரலங்காரமாகச் செய்து விற்கப்பட்ட தட்டிற்கு அது வாய்த்திலது. வேற்றுமை இதுவே.

ஆயினும் அன்று அவர் கூப்பிய கை தட்டினைக் கருதியதன்று. தாய் என்ற சொற்கேட்டு உருகிய அன்பே அது. அவ்வன்பை அம்மை ஏற்றாள் என்பதில் ஐயமில்லை. ஆகலின் தட்டினைக் கூடத்தில் மாட்டுக. அதில் உணவு படைத்தலும் அதனை எறிதலும் வேண்டா. வரலாறு அறிந்து பிள்ளைகட்குக் கூறுக என்றேம். மகனார்க்கு வேறொன்று கூறினேம்: உண்மை கூறியதற்காகவன்று, தாயின் குங்குமத்தை வெகுண்டு அகற்றியதற்காக அவரை வணங்கிப் பொறை வேண்டுக என்பது. அவர் அவ்வாறே செய்தனர்.

இவ்வாராய்ச்சி நமக்கும் ஒன்று கற்பிக்கும். நம் மணவிழாக்களில் வழங்கும் பைகளிலும் அழைப்பிதழ்களிலும் உமையம்மை திருவுருவை அச்சிடுகின்றோம். அவை மறுநாள் குப்பையிற் கிடத்தலைக் காண்கின்றோம். அயலார் தெய்வவடிவைத் தட்டிற் பொறித்து விற்றமை கண்டு நகுமுன், நம் அன்னையின் வடிவை நாம் எங்கே பொறிக்கின்றோம் என எண்ணுதல் சைவர் கடன்.

சிவம்.