தெள்ளுப்பூச்சி வாழும் இடம்

சேதுவுக்கு,

அடிக்கடி கடலுக்கு அழைத்துச் சென்று குளிப்பாட்டியும் நாயின்மேல் தெள்ளுப்பூச்சி குறையவில்லையே என்று மண்டபத்திலிருந்து நீ எழுதிய கேள்விக்கு விடை, நாயின் உடம்பில் இல்லை. அது படுக்கும் இடத்தில் இருக்கிறது.

பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைகள் வரை இடும். ரோமத்தில் ஒட்டாத அம்முட்டைகள், நாய் உடம்பை உதறுந்தோறும் திண்ணையிலும் பாயிலும் மணலிலும் உதிர்ந்துவிடுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழு, வெளிச்சத்துக்கு அஞ்சி இடுக்குகளில் புகுந்து, வளர்ந்த பூச்சிகள் கழித்த உலர்ந்த இரத்தத்தை உண்டு பெருத்து, பட்டிழையால் கூடு பின்னி, அதன்மேல் மணலும் தூசியும் ஒட்டிக்கொள்ள உள்ளே அடங்கிவிடுகிறது. பூச்சியாக உருமாறியபின், காலடியின் அதிர்வும் உயிருள்ள ஒன்றின் சூடும் மூச்சும் எட்டும்வரை, சில மாதங்கள்கூட அங்கே காத்திருக்க வல்லது. நெடுநாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் காலில் பூச்சி தாவுவது இதனால்தான். நாயின்மேல் நீ காண்பது, முட்டை, புழு, கூடு எல்லாம் சேர்ந்த மொத்தத்தில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே. வறண்ட காற்றில் மடிந்துவிடும் அப்புழுவுக்கு, நம் கடற்கரையின் ஈரக்காற்றும் நிழல் விழுந்த மணலும் மிகவும் அனுகூலமானவை.

அற்பப் பிராணி என்று இதை அலட்சியம் செய்யலாகாது. 1896-இல் பம்பாயில் பரவத் தொடங்கிய பிளேக் நோய், எலியின்மேல் வாழும் தெள்ளின் வழியே தொற்றுகிறது என்பதை 1898-இல் கராச்சியில் போல் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு வைத்தியர் பரிசோதித்துக் காட்டியபோது, அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். பின்னர் உலகம் ஒப்புக்கொண்டது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், தனுஷ்கோடி வழியே இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழைத் தொழிலாளரை உன் ஊர் மண்டபம் கேம்ப்பில் தடுத்து நிறுத்திச் சோதித்ததற்கு, அம்மை, காலரா ஆகியவற்றோடு பிளேக் பற்றிய அச்சமும் காரணம். உன் நாயின்மேல் இருப்பது வேறு இனம். ஆதலால் பிளேக்கை எண்ணிக் கலங்காதே. ஆயினும், தெள்ளைக் கடித்து விழுங்கும் நாயின் குடலிலும், தவறி விழுங்கும் குழந்தையின் குடலிலும் நாடாப்புழு சேரக்கூடும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகள்களை நனைந்த வெள்ளைத் துணியில் இடு. சிவப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவே. நாய் படுக்கும் சாக்கையும் துணியையும் வாரந்தோறும் கொதிநீரில் அலசி வெயிலில் உலர்த்து. தரையின் மூலைமுடுக்குகளை நாள்தோறும் பெருக்கி, குப்பையைச் சோப்பு நீரில் கொட்டு. நிழல் மணலைக் கிளறி உச்சி வெயில் படச் செய். வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் கால்நடை மருத்துவர் எடையறிந்து தரும் மருந்தை ஒரே நாளில் இடு. நாய்க்குரிய பெர்மெத்ரின் என்ற மருந்து பூனைக்குக் கொடிய விஷம். மண்ணெண்ணெயும் வயலுக்கு அடிக்கும் மருந்தும் பிராணிகளின் உடம்பில் படவே கூடாது.

பூச்சி கண்ணில் படாத நாளன்று வேலையை நிறுத்திவிடாதே. கூட்டினுள் இருப்பவை வெளிவந்து தீரும்வரை, மூன்று மாதமேனும், இவற்றைக் கிரமமாகச் செய். வாயில்லாப் பிராணியை வளர்க்கிறவன், அதற்குச் சோறிடுவதைப் போலவே அது படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைப்பதற்கும் கடமைப்பட்டவன்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா