ஐம்பதுக்குப் பிறகு நீச்சல் அணியில் சேர: முழுமையான வழிகாட்டி

நீச்சல் அணி என்றதும் பள்ளிப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 25 வயதில் தொடங்கி, மேல் வரம்பே இல்லாத 'மாஸ்டர்ஸ்' பிரிவு உலகெங்கும் இருக்கிறது. இந்தியாவிலும் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிறது. ஜப்பானின் மியெகோ நகவோகா முழங்கால் தொல்லைக்காக எண்பது வயது வாக்கில்தான் நீச்சலுக்கு வந்தார். 2015இல், நூறு வயதில், 1,500 மீட்டரை முழுதாக நீந்தி முடித்தார்.

தனியாக நீந்துகிறவர் ஒரு நாள் விடுவார், அது ஒரு மாதமாகும். அணியில் இருந்தால் "நேத்து ஏன் வரலை?" என்று கேட்க நாலு பேர் உண்டு. பிந்தித் தொடங்குகிறவருக்கு அணி தேவைப்படுவது இதற்காகத்தான் என்பேன்.

முதலில் மருத்துவர்

கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே நீரின் அழுத்தத்தால் கால்களிலுள்ள ரத்தம் மார்புப் பக்கம் கூடுதலாகத் திரும்பி, இதயத்துக்கு வேலை கூடும். ஆகவே ரத்த அழுத்தம், இதயம் இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்கக் கூடாது. தண்ணீரில் சர்க்கரை இறங்கினால் மயக்கம் வருவதை அருகில் இருப்பவரும் கவனிக்க மாட்டார். கரையில் கொஞ்சம் குளுக்கோஸ் வைத்திருங்கள், பயிற்சியாளரிடமும் சொல்லிவையுங்கள். பழைய தோள்பட்டை வலியையும் மறைக்க வேண்டாம்.

மூச்சு

நடுவயதுக்காரர்கள் பாதிக் குளத்திலேயே திணறி நின்று, தெம்பு போதவில்லை என்று தாங்களே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தெம்பு அல்ல. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்து, தலையைத் தூக்கிய ஒரு நொடிக்குள் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் பார்ப்பதுதான் காரணம். பழைய காற்று வெளியேறாமல் புதுக்காற்றுக்கு இடம் ஏது? கரியமில வாயு சேரச் சேர மூச்சுமுட்டும், பயம் வரும், தலை இன்னும் மேலே போகும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் முன்னே போக முடியாது.

ஆழமில்லாத பக்கம் நின்றுகொண்டு, முகத்தை அமிழ்த்தி மூக்காலும் வாயாலும் குமிழி விட்டபடி இருங்கள். பிறகு தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு எடுங்கள். இது சலிக்கும் அளவுக்குப் பழகும்வரை கைவீச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு நீருக்கடியில் 'தம்' பிடிக்கும் போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். முன்னறிவிப்பே இல்லாமல் நினைவிழக்க வைக்கும்.

எப்போது, எங்கே சேர்வது?

நாலு வகை நீச்சலும் வந்த பிறகுதான் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் நிற்காமல் போய், ஆழத்தில் பதறாமல் மிதக்க முடிந்தால் கேட்டுப் பார்க்கலாம். சென்னை வேளச்சேரியில், 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய வளாகம் போன்ற பெரிய குளங்களில் விசாரியுங்கள். சேரும் முன் ஒரு காலைப் பயிற்சியைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். கடைசி லேனில் மெதுவாக நீந்துபவரிடம் கோச் எத்தனை முறை வந்து பேசுகிறார் என்று கவனியுங்கள். முன்வரிசைக்காரர்களை மட்டும் பார்க்கும் கோச் உங்களுக்கு ஆக மாட்டார்.

உடுப்பு நைலான் அல்லது பாலியெஸ்டரில் உடலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். கண்ணாடி, தொப்பி போதும். பெண்கள் முழுக்கை, முழுக்கால் நீச்சலுடையும் அணியலாம்.

லேனுக்குள்

பலகையில் '4 × 50, 1:30' என்று இருந்தால், 50 மீட்டரை நாலு முறை நீந்த வேண்டும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை புறப்பட வேண்டும். சீக்கிரம் முடித்தால் மீதி நேரம் ஓய்வு. ஒரே லேனில் ஐந்தாறு பேர் வட்டமாகச் சுற்றி நீந்துவார்கள், எந்தப் பக்கமாகப் போவது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் வருபவர் காலைத் தொட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம், வழி கேட்கிறார். சுவர் வந்ததும் ஓரமாக ஒதுங்கி விடுங்கள். களைத்தால் ஒரு சுற்றை விட்டுவிட்டு அடுத்ததில் சேருங்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. தோள் குத்தினால் மட்டும் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

போட்டி

வயதுப் பிரிவுகள் ஐந்தைந்து ஆண்டுகளாக இருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. டைவ் அடிக்கத் தெரியவில்லையே என்று ஒதுங்க வேண்டாம், உலக மாஸ்டர்ஸ் விதிப்படி தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்தும் புறப்படலாம்.

ரிலேயில் நாலு பேரின் வயதையும் கூட்டித்தான் பிரிவு பார்க்கிறார்கள்: 160 முதல் 199 வரை ஒரு பிரிவு, 200 முதல் 239 வரை அடுத்தது. கூட்டல் 195இல் நிற்கும் அணி, ஒருவருக்குப் பதிலாக அவரைவிட ஐந்து வயது மூத்தவரைச் சேர்த்தால் மூத்த பிரிவுக்குப் போய்விடலாம். பெயர் கொடுக்கும்போது உங்கள் வயதைத் தயங்காமல் சொல்லுங்கள். அணித்தலைவர் அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.