மேய்ச்சல் நிலத்து இரும்பு

தீபாவளி கழிந்த மறுநாள் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் முதலிய ஊர்களை அடுத்த கரம்பு நிலங்களை நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். வெடித்த காகிதம் காற்றிற் பறந்துவிடும். அன்றேல் மழையில் மக்கிவிடும். கம்பி மத்தாப்பின் கம்பியோ அங்ஙனம் எளிதில் அழிவதன்று. மருந்து எரிந்து தீர்ந்த பின்னரும் இரும்புக் கம்பி எஞ்சிக் கிடக்கும். குப்பையோடு வாரப்பட்டு எருக்குழியை அடைந்து, எருவோடு வயலை அடைந்து, ஈற்றில் அது மாட்டின் வாயை அடைவதும் உண்டு. மாடு என்னுஞ் சொல்லுக்குப் பழந்தமிழிற் செல்வம் என்பதும் பொருள். ஒற்றைப் பசுவின் பாலை நம்பிப் பிழைக்குங் குடிகட்கு அப்பொருள் இன்னும் வழக்கொழியவில்லை.

மேலை நாடுகளிற் குதிரை மேயும் வெளிகளில், குளம்பில் ஆணி தைக்கும் என்றஞ்சி, விலை குறைந்த உலோகங்காண் கருவியால் நிலத்தைத் துழாவுவர். நம் பக்கத்துக் குதிரைகள் பெரும்பாலும் ஐயனார் கோயில் மண்குதிரைகளாதலின் அவ்வச்சம் நமக்கு அரிது. மாட்டின் நிலையோ வேறு. குதிரையும் ஆடும் உதட்டாற் பொறுக்கித் தெரிந்து தின்னும். மாடு புல்லை நாவாற் சுற்றி இழுத்து, மெல்லாது விழுங்கிப் பின்னரே அசைபோடும். உடன்சென்ற கம்பி இரைப்பையின் வலைபோன்ற அறையிற் சென்று தங்கும். அவ்வறைக்கும் நெஞ்சுப்பைக்கும் இடையே உள்ளது உதரவிதானம் என்னும் மெல்லிய திரையே. இரைப்பை சுருங்குந்தோறும் கம்பி முன்னோக்கித் தள்ளப்பட்டு, சிற்சில வேளை நெஞ்சுப்பையையே துளைத்துவிடும். தீனி குறையும், பால் வற்றும், மாடு முதுகை வளைத்து நிற்கும், இறக்கத்தில் நடக்க முனகும். தாடை அடியும் மார்பும் நீர்கோத்து வீங்குமாயின் பிழைப்பது அரிது.

நிற்க. உலோகங்காண் கருவிக்கு மூலம் 1831-இல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டல் ஆகும். கருவியின் வட்டச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய, காந்தப்புலம் மண்ணுட் செல்லும். ஆங்குள்ள உலோகத்திற் சுழல் மின்னோட்டம் எழுந்து அப்புலத்தை மாற்றும். அம்மாற்றமே நம் செவிக்கு ஒலியாகும். 1881-இல் அமெரிக்கத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, உடலிலுள்ள குண்டைத் தேடக் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றை இயற்றினார். குண்டு அகப்படவில்லை. கட்டிலின் கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பின என்பர்.

சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் கருவியிடம் நாம் பெரிதும் எதிர்பார்த்தல் கூடாது. ஆணி, லாடத்துண்டு, நட்டு ஆகியவற்றை அது சில விரற்கடை ஆழத்தினும் காட்டும். மெல்லிய மத்தாப்புக் கம்பியையோ எளிதிற் கைவிட்டுவிடும். இரும்புச்சத்து மிக்க மண்ணும் வீண் ஒலி எழுப்பும். ஆதலின் முதற்கண் வேண்டுவது காந்தமே. பழைய ஒலிபெருக்கியின் காந்தங்கள் சிலவற்றைப் பலகையொன்றன் அடியிற் பதித்து, இரு சக்கரம் பூட்டி, நிலத்தினின்று ஒரு விரல் உயரத்தில் இழுத்துச் செல்க. மேற்பரப்பிலுள்ள கம்பிகள் பெரும்பாலும் அதிலேயே ஒட்டிவிடும். எஞ்சிப் புதைந்தவற்றையும், காந்தத்திற்கு வயப்படாத செம்பு, அலுமினியத் துண்டுகளையும் தேடுதற்கே கருவி. கயிறு கட்டிப் பாத்தி பிரித்து, சுருளை மண்ணை ஒட்டி மெல்ல வீசுக. குறுக்கே மறுமுறையும் வீசுக. கோடையிற் புல் கரிந்திருக்குங் காலம் இதற்கு ஏற்றது.

எச்சரிக்கை ஒன்று. பட்டாசு ஆலைக்கழிவு கொட்டப்பட்ட இடத்தில் இவ்வேலை ஆகாது. வெடியா மருந்து மண்ணிற் கலந்திருக்கக்கூடும். இரும்புக் கடப்பாரை கல்லிற் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறியே போதும். அத்தகைய நிலத்தில் மாட்டை மேயவிடாது, உரிய அதிகாரிகட்கு அறிவித்தலே தக்கது. வீட்டிலோ, எரிந்த கம்பிகளைத் தண்ணீர் வாளியில் இடுவித்து மறுநாள் எண்ணி எடுத்துவிட்டால் வயலிற் தேடும் வேலையே குறையும்.

முன்னரே விழுங்கிய மாட்டிற்கும் வழி உண்டு. கால்நடை மருத்துவர் விரலளவுள்ள உருளைக் காந்தமொன்றை விழுங்கச் செய்வர். அது வலையறையிலேயே ஆயுள் முழுதுந் தங்கிக் கம்பிகளைத் தன்னோடு பற்றிக்கொள்ளும். விலைக்கு வாங்கிய பசுவின் வயிற்றிற் காந்தம் உளதோ இலதோ என்று அறிய, முன்னங்காலின் பின்புறத்தே மார்பருகில் திசைகாட்டியைப் பிடித்தல் போதும். உளதாயின் முள் திரும்பும்.