ரோபோ நடப்பது எப்படி? பெயின்ட், எக்செல் கொண்டு ஒரு பாடம்

சக்கரம் வைத்த ரோபோவை ஓட வைப்பது எளிது. இரண்டு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு சிறிய புரோகிராம் இருந்தால் போதும். காலால் நடக்கும் ரோபோ அப்படிப்பட்டது இல்லை. பொறியியல் மாணவர்களையே திணற வைக்கும் வேலை அது.

கல்லூரி மாணவர்களுக்கான 'ஏபியு ரோபோகான்' போட்டி 2002-ல் டோக்கியோவில் தொடங்கியது. இந்தியாவில் இதன் தேசியச் சுற்று 'டிடி ரோபோகான்' என்ற பெயரில் நடக்கிறது. சர்வதேசப் போட்டியை நடத்தும் நாடே அந்த ஆண்டின் விளையாட்டைத் தீர்மானிக்கும். 2019-ல் மங்கோலியாவின் உலான் பட்டோரில் நடந்தபோது, அந்நாட்டின் பழைய குதிரைத் தபால் முறையையே விளையாட்டாக்கினார்கள். முதல் ரோபோ 'கெரெகெ' என்ற அடையாளத் தகட்டைக் கொண்டு வந்து இரண்டாவது ரோபோவிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது ரோபோதான் குதிரை. அதற்கு நான்கு கால்கள் இருக்க வேண்டும், சக்கரம் கூடாது. ரிமோட் இல்லாமல் தானாகவே நடந்து, மணல்மேடு போன்ற தடையையும் கயிறுகளையும் தாண்டி, மலைச் சரிவில் ஏற வேண்டும். ஆட்ட நேரம் 3 நிமிடம்தான்.

இந்தக் குதிரையை நடக்க வைப்பதில் என்ன சிரமம்? உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பெயின்ட், எக்செல் இரண்டையும் கொண்டே இதைப் புரிந்து கொள்ளலாம். ரோபோ எதையும் வாங்கத் தேவையில்லை.

பெயின்ட்டில் முதல் பாடம்

பெயின்ட் புரோகிராமைத் திறந்து ஒரு செவ்வகம் வரையுங்கள். மேலிருந்து பார்க்கும் ரோபோ இது என்று வைத்துக் கொள்வோம். நான்கு மூலைகளும் நான்கு பாதங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். ரோபோவின் மொத்த எடையும் அந்தப் புள்ளியில் இருப்பதாகக் கருதலாம். பாடப் புத்தகத்தில் ஈர்ப்பு மையம் என்று படித்திருப்பீர்கள்.

ரோபோ விழாமல் நிற்க ஒரே ஒரு நிபந்தனைதான். தரையில் ஊன்றிய பாதங்களைக் கோடுகளால் இணைத்தால் கிடைக்கும் உருவத்துக்குள் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். நான்கு பாதங்களும் தரையில் இருந்தால் சிக்கலே இல்லை.

இப்போது இடது முன்னங்காலைத் தூக்குவோம். மீதி மூன்று பாதங்களை லைன் டூல் கொண்டு இணையுங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். புள்ளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முக்கோணத்தின் உள்ளே இல்லை. சரியாக அதன் ஓரக்கோட்டின் மேல் இருக்கிறது! செவ்வகத்தின் மூலைவிட்டம் எப்போதும் நடுப்புள்ளி வழியாகத்தானே போகும்? அதாவது ரோபோ விழும் எல்லையில் நிற்கிறது. சிறிய அதிர்வு போதும், தூக்கிய காலின் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே காலைத் தூக்குவதற்கு முன்பே உடலை எதிர் மூலைப் பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நாமும் அப்படித்தான் செய்கிறோம். வலது தோளையும் வலது பாதத்தின் ஓரத்தையும் சுவரில் ஒட்டி நின்று, இடது காலைத் தூக்கி நிற்க முயன்று பாருங்கள். முடியாது. உடலை வலப்பக்கம் சாய்க்க சுவர் விடாததே காரணம்.

எக்செல்லில் இரண்டாம் பாடம்

அடுத்து எந்தக் காலை எப்போது தூக்குவது என்ற வரிசை. தெருவில் மாடு மெதுவாக நடப்பதைக் கவனியுங்கள். ஒரு பின்னங்கால், பிறகு அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மறுபக்கத்துப் பின்னங்கால், கடைசியில் அந்தப் பக்கத்து முன்னங்கால் என்று நகரும். இதையே ரோபோவுக்கும் கொடுக்கலாம்.

எக்செல்லைத் திறவுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

1. முதல் வரிசையில் 1, 2, 3, 4 என்று நான்கு நேரக் கட்டங்களைத் தலைப்பாக டைப் செய்யுங்கள்.

2. இடப்புற முதல் நெடுவரிசையில் இடது பின், இடது முன், வலது பின், வலது முன் என்று கால்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுங்கள்.

3. கால் தரையில் இருந்தால் 1, தூக்கியிருந்தால் 0. முதல் கட்டத்தில் இடது பின்னங்காலுக்கு 0, மற்றவற்றுக்கு 1. இரண்டாம் கட்டத்தில் இடது முன்னங்காலுக்கு 0. இப்படியே முடியுங்கள்.

4. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். தலைப்பு எண்ணும் சேர்ந்து கூட்டப்படாமல், நான்கு கால்களின் செல்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்லாக் கட்டத்திலும் 3 என்று விடை வர வேண்டும். 2 வந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கால்களைத் தூக்கிவிட்டீர்கள் என்று பொருள்.

5. அதற்கும் கீழே ஒரு வரிசை சேர்த்து, உடல் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று எழுதுங்கள். இடது பின்னங்கால் தூக்கும் கட்டத்தில் வலது முன்பக்கம். மற்றவற்றை நீங்களே நிரப்புங்கள்.

இதை ஒரு ஃபைலாக சேவ் செய்து கொள்ளுங்கள். மெதுவான, விழாத நடையின் திட்டம் இதுதான்.

வேகமாக ஓட வேண்டுமென்றால் எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 2 ஆகிவிடும். தரையில் இருப்பது முக்கோணம் இல்லை, வெறும் ஒரு கோடு. விழத் தொடங்கும் முன் அடுத்த இரண்டு கால்கள் ஊன்றிவிட வேண்டும். வேகமும் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன.

ஒரே ரோபோ, வேறு வேறு நடை

ரோபோவின் உடலை விட நடைத் திட்டமே முக்கியம் என்று நான் சொல்வதற்கு நல்ல சான்று உண்டு. ரோபோக்கள் கால்பந்து ஆடும் 'ரோபோகப்' போட்டியில் நான்கு கால் பிரிவு ஒன்று 2008 வரை நடந்தது. அதில் எல்லா அணிகளும் சோனி நிறுவனத்தின் 'ஐபோ' ரோபோ நாயைத்தான் பயன்படுத்த வேண்டும். கால்கள் ஒன்று, மோட்டார் ஒன்று. அணிகளின் நடை மட்டும் வேறு. வித்தியாசம் முழுவதும் சாப்ட்வேரில்தான் இருந்தது.

2004-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேட் கோல், பீட்டர் ஸ்டோன் இருவரும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஐபோவின் நடையை 12 எண்களாகக் குறித்தார்கள். பாதம் எவ்வளவு உயர வேண்டும், எவ்வளவு தூரம் நீள வேண்டும் போன்றவை அவை. மூன்று ஐபோக்கள் மைதானத்தில் முன்னும் பின்னும் நடந்து, அந்த எண்களைச் சிறிது சிறிதாக மாற்றி, எது வேகம் என்று தாமே அளந்து கொண்டன. சுமார் 3 மணி நேரத்தில் நொடிக்கு சுமார் 29 செ.மீ. வேகத்தை எட்டின. மனிதர்கள் செய்தது பேட்டரி மாற்றியது மட்டும்தான்.

திரையில் ஒரு ரோபோ

அடுத்த படி, 'வெபாட்ஸ்' என்ற சிமுலேட்டர். 2018 முதல் இது இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். பெரிய டவுன்லோட் என்பதால் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். கிராபிக்ஸ் திறன் குறைந்த கம்ப்யூட்டரில் மெதுவாக ஓடும்.

இன்ஸ்டால் செய்ததும் ஃபைல் மெனுவில் சாம்பிள் வேர்ல்ட் பகுதியைத் திறந்து, அதில் 'ஸ்பாட்' என்ற நான்கு கால் ரோபோவைத் தேடுங்கள். அது படுக்கும், எழும், உட்காரும், முன்னங்காலைத் தூக்கும். அதன் புரோகிராமைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு நிலைக்கும் 12 எண்கள் மட்டும் இருக்கும். நான்கு கால்கள், காலுக்கு மூன்று மூட்டுகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கோணம். ஒரு எண்ணை மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். ரோபோ கவிழ்ந்தால் கவலை இல்லை. ரீசெட் பட்டன் இருக்கிறது. உண்மை ரோபோ கவிழ்ந்தால் மோட்டாரின் பல்சக்கரம் உடையும்.

கிட் வாங்குவதற்கு முன்

பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்த கையோடு ரோபோ கிட்டும் வாங்கலாமா என்று பெற்றோர் பலர் யோசிக்கிறார்கள். பெயின்ட், எக்செல், வெபாட்ஸ் மூன்றையும் முடித்த பிறகு வாங்குங்கள் என்பதே என் யோசனை. கடையில் இவற்றைக் கேளுங்கள்:

* மொத்தம் எத்தனை மோட்டார்கள்? ஒரே மோட்டாரில் எல்லாக் கால்களும் ஆடினால் அது பொம்மை. அதன் நடையைப் புரோகிராமால் மாற்ற முடியாது.

* ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் தனித்தனியே கொடுக்க முடியுமா?

* மோட்டார் பழுதானால் தனியாகக் கிடைக்குமா?

* உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ் பதிப்பில் அதன் சாப்ட்வேர் ஓடுமா?

பதில் திருப்தியாக இல்லாவிட்டால் பணத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். எக்செல்லில் நீங்கள் போட்ட நடைத் திட்டம் எந்த நான்கு கால் ரோபோவுக்கும் அடிப்படையாக உதவும். அதற்குப் பொருத்தமான கிட் கிடைக்கும்வரை காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.