கேமரன் மலையில் சொந்தச் சமையல்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போகிறோம். சமையலறையோடு வீடு எடுத்தால் கட்டுபடியாகுமா?

பதில்: ஆள் கூடக்கூடக் கட்டுபடியாகும். தானா ராத்தா, பிரிஞ்சாங் இரண்டிலும் அடுக்குமாடி வீடுகள் வாடகைக்கு உண்டு. அடுப்பு, பாத்திரம் இருக்கிறதா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்; சில வீடுகளில் கெட்டில் மட்டும்தான் இருக்கும். காய்கறி சுமக்க வேண்டாம். முட்டைக்கோஸ், தக்காளி, கீரை எல்லாம் அங்கேயே விளைகின்றன. அரிசி, பருப்பு, மசாலாத்தூள் போதும். தேயிலைக்கும் கவலை இல்லை, 1929இல் தொடங்கிய 'போ' (BOH) தேயிலைத் தோட்டம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மறக்காதீர்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த சட்டியில் பருப்பு லேசில் வேகாது. பிரஷர் குக்கரைக் கையோடு கொண்டு போங்கள். மலைக்கு ஏறும் தாப்பா சாலையில் வளைவுகள் அதிகம். காரில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் சிம்பாங் பூலாய் வழியே நல்லது.