நிலத்தில் ஓடிய நாவாய்

'இடனறிதல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டாக வைத்து, ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்திலேயே ஆற்றல் பெறும் என்பதை விளக்குகின்றார். ஆயினும், நாவாயின் உடலுக்குச் சக்கரம் பூட்டித் தரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை மனிதனை விட்டு நீங்கியதில்லை. அதன் அருமையை அறிய விரும்புவோர் முதலில் பொன்மலைக்குச் செல்லுதல் நன்று.

திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் பெரிய ரயில்வே பணிமனை ஒன்று உள்ளது. அது முன்னர் நாகப்பட்டினத்தில் இருந்து, 1928ஆம் ஆண்டில் பொன்மலைக்கு மாற்றப்பெற்றது. மரக்கலங்கள் அணையும் துறைமுக நகரில் வளர்ந்த தொழில், கடலைக் காணாத உள்நாட்டு ஊரிற் குடியேறிற்று. அங்கே செப்பனிடப்பெறும் ரயில் பெட்டி ஒன்றை உற்று நோக்குக. பெட்டியின் பாரம் முழுவதும் இரும்பு அடிச்சட்டத்தின் வழியே இறங்கிச் சில சக்கரங்களின்மேல் தங்குகின்றது. அச்சக்கரங்கள் தண்டவாளத்தைத் தொடும் இடமோ மிகச் சிறிது. இனி, காவிரித் துறையில் மிதக்கும் பரிசலை நினைத்துப் பார்க்க. அதற்கு அடிச்சட்டமும் இல்லை, அச்சும் இல்லை. தாய் குழந்தையை இரு கையாலும் ஏந்துவதுபோல, நீர் அதன் அடிப்பாகம் முழுவதையும் ஒருசேர ஏந்துகின்றது.

இவ்வேறுபாடே எல்லா இடர்ப்பாட்டிற்கும் வேர். பழைய ஓடம் ஒன்றின் உடலை எடுத்து, அதன் அடியில் நேரே நான்கு சக்கரங்களைப் பொருத்தினால் யாது நிகழும்? பாரம் நான்கு இடங்களிற் குவியும். தாங்கலில்லாத நடுப்பகுதி தொய்யும். குண்டும் குழியுமான சாலை தரும் ஒவ்வோர் அதிர்ச்சியிலும் ஆணிகள் நெகிழும். நீரை விட்டுப் பிரிந்த பலகைகள் உலர்ந்து சுருங்கி இடைவெளி காட்டும். ஆகவே அறிந்தவர்கள் ஓடத்தை வண்டியாக்குவதில்லை. மோட்டார் வண்டி ஒன்றின் சட்டத்தின்மேல் ஓடத்தை ஏற்றி வைக்கின்றனர். ஓடத்தின் அடி வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய குறுக்குத் தாங்கிகள் இரண்டிற்கும் நடுவே நிற்கும். அதன் பின்னரும் தொல்லைகள் உண்டு. உயர்ந்த முகப்பு ஓட்டுநரின் பார்வையை மறைக்கும். மூடிய உடலுக்குள் காற்றுப் புகாமையால் எஞ்சின் கொதிக்கும்.

நாகூர்க் கந்தூரி விழாவில், நாகப்பட்டினத்திலிருந்து வரும் கொடி ஊர்வலத்தில் கப்பல் வடிவான ஊர்திகளைக் காணலாம். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர், படகு எஞ்சின் செய்யும் நிறுவனம் ஒன்றைக் கொண்டு 1910இல் அன்னப்பறவை வடிவில் மோட்டார் வண்டி ஒன்றைச் செய்வித்தார். அதன் அலகு வெந்நீராவியைச் சீறிக் கூட்டத்தை விலக்கியதாம். இவை வடிவத்தால் நீரைச் சார்ந்தவை. தொழிலால் நிலத்தைச் சார்ந்தவை. இரண்டிடத்தும் மெய்யாகவே ஓட வேண்டும் என்று துணிந்தவர் வேறொருவர்.

அவர் பெயர் பென் கார்லின், ஆஸ்திரேலிய நாட்டினர், இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவிற் பணிபுரிந்தவர். 1946ஆம் ஆண்டில் வங்காளத்துக் கலைகுண்டா என்னும் விமானத் தளத்தில், போருக்குப்பின் கேட்பாரற்று நின்ற ஊர்தி ஒன்றை அவர் கண்டார். அது ஜீப் வண்டியின் உறுப்புகளை எஃகுப் படகின் உடலோடு இணைத்து ஃபோர்டு நிறுவனம் செய்தது. சிறிது திருத்தினால் இதிலேயே உலகைச் சுற்றலாம் என்று அவர் உடனிருந்த நண்பரிடம் கூறினார். நண்பர் நம்பவில்லை, அதில் வியப்பும் இல்லை. ஆற்றைக் கடப்பதற்கென்று செய்யப்பட்ட அவ்வூர்தியின் விளிம்பு நீருக்குமேல் சிறிதளவே உயர்ந்து நின்றது. அலை சற்று எழுந்தாலும் உள்ளே நீர் புகும். சக்கரங்களையும் பின்னுள்ள சுழலியையும் இயக்கும் தண்டுகள் உடலைத் துளைத்தே வெளிவருதல் வேண்டும். துளை உள்ள இடமெல்லாம் கடலுக்கு வாயிலன்றோ? இக்குறைகளால் அதன் உற்பத்தி 1943இலேயே நிறுத்தப்பட்டிருந்தது.

கார்லின் 1947இல் அமெரிக்காவில் அத்தகைய ஊர்தி ஒன்றை 901 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். முகப்பை நீட்டினார், மேலே மூடிய அறை அமைத்தார், கூடுதலான எரியெண்ணெய்த் தொட்டிகளைப் பொருத்தினார். 'ஹாஃப் சேஃப்' என்று பெயரும் இட்டார். 'பாதிப் பாதுகாப்பு' என்பது அதன் பொருள். வியர்வை நாற்றம் போக்கும் பூச்சு ஒன்றின் விளம்பரத்திலிருந்து எடுத்த பெயர் அது. மரக்கலத்திற்குப் பெயரிடும் மரபு இதுவென்று எவரும் கூறார். எனினும் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திராது.

1948இல் அவரும் அவர் மனைவி எலினோரும் நியூயார்க்கிலிருந்து மேற்கொண்ட முயற்சிகள் தோற்றன. ஒரு முறை நடுக்கடலில் செயலற்று மிதந்தவர்களை எண்ணெய்க் கப்பல் ஒன்று மீட்டது. 1950 ஜூலை 19இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறையிலிருந்து மீண்டும் புறப்பட்டனர். ஒருவர் சுக்கான் பிடிக்க மற்றவர் உறங்கும் அளவே இடம். எரியெண்ணெய் நிறைந்த தொட்டி ஒன்று கயிற்றில் கட்டுண்டு பின்னே மிதந்து வந்தது. 32 நாட்களுக்குப்பின் அசோர்ஸ் தீவுகளுள் ஒன்றாகிய ஃபுளோரஸை அடைந்தனர். மதீராவுக்குச் செல்லும் வழியிற் பெரும்புயல் ஒன்றிலும் அகப்பட்டு மீண்டனர்.

ஆப்பிரிக்கக் கரையிலே கடல்நீர் வடிய ஏறிய அவ்வூர்தி ஐரோப்பாவுக்குச் சாலை வழியே ஓடிற்று. 1955இல் மேற்காசியப் பாலைநிலங்களைக் கடந்து கல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்தது. எந்த வங்க மண்ணிற் கார்லின் அந்த எண்ணத்தைக் கொண்டாரோ, அங்கே அதிலேயே வந்து இறங்கினார். ஓயாத கடல்நோயால் வருந்திய எலினோர் அதன்பின் உடன் செல்லவில்லை. கார்லின் வேறு துணைவர்களுடன் பர்மா வழியாகக் கிழக்கே சென்று, ஜப்பானிலிருந்து வடபசிபிக் தீவுகளையொட்டி அலாஸ்காவை அடைந்தார். 1958 மே மாதம் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பயணம் முடிவுற்றது. கடலிற் சுமார் 11,000 மைலும் தரையிற் சுமார் 39,000 மைலும் அவ்வூர்தி ஓடியிருந்தது.

கார்லின் 1981இல் மறைந்தார். அவருடைய ஊர்தி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், அவர் இளமையிற் பயின்ற கில்ட்ஃபோர்டு பள்ளியில், மாணவர்கள் காணுமாறு வைக்கப்பெற்றுள்ளது.