தொட்டிக்குள் ஒரு கடல்

புது தில்லியின் லோதி ரோட்டில் பிருத்வி பவன் என்னும் அரசுக் கட்டடம் உள்ளது. புவி அறிவியல் அமைச்சகம் அங்கிருந்து இயங்குகிறது. கடலாய்வும் அதன் பணிகளுள் ஒன்று. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இவ்வமைச்சகத்தைச் சார்ந்ததாகும். ஆயினும் அச்சாலையிலிருந்து கடற்கரை பல நூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இத்தகைய இடத்தில் வாழும் ஒரு குடும்பம் இரண்டு கோமாளி மீன்களை வளர்க்க விரும்பினால், முதலில் கடல்நீரையே உருவாக்க வேண்டும்.

சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்கு இக்கவலை இல்லை. கடல் அதன் வாசலிலேயே இருந்தது. இலண்டன் மாநகருக்கோ அவ்வாய்ப்பு இல்லை. எனவேதான் இங்கிலாந்தின் இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ், உப்புகளை நன்னீரில் கலந்து கடல்நீர் செய்யும் முறையை 1854இல் வெளியிட்டார். இன்று அதற்கென்றே உப்புக் கலவை விற்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் வேண்டும். சமையலுப்பு இதற்குப் பயன்படாது. கடலுப்பில் சோடியமும் குளோரைடும் ஏறத்தாழ 85 விழுக்காடே. எஞ்சியது மக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம் முதலியன. குழாய்நீரில் குளோரின் கலந்திருப்பதால், வீட்டு ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரே ஏற்றது.

கடலில் கழிவு தங்குவதில்லை. அலையும் நீரோட்டமும் அதனைப் பரப்பிவிடுகின்றன. தொட்டியில் அது மீனைச் சுற்றியே நிற்கும். இங்கு உதவுவது சம்ப். தமிழ்நாட்டு வீடுகளில் தரைக்கடியில் நீர் சேரும் தொட்டியையும் மக்கள் இப்பெயரால் அழைப்பர். அங்கிருந்து மோட்டார் நீரை மாடிக்கு ஏற்றும். மீன் தொட்டியின் சம்பும் அத்தகையதே. மேல்தொட்டியின் நீர் வழிந்து கீழே இறங்கும்; அங்குத் தூய்மை பெறும்; பம்ப் அதனை மீண்டும் மேலேற்றும்.

விலையுயர்ந்த சம்பை வாங்க வேண்டியதில்லை. ஒழுகாத பழைய கண்ணாடித் தொட்டி ஒன்று போதும். அளவாக வெட்டிய கண்ணாடித் துண்டுகளைப் பூஞ்சைத்தடுப்பு மருந்து கலவாத சிலிக்கோன் பசையால் ஒட்டி, மூன்று அறைகளாகப் பிரிக்கலாம். பசை முழுதும் உலர இரண்டு நாளாவது காத்திருத்தல் நலம். முதல் அறையில் பஞ்சு குப்பையைத் தடுக்கும். நடு அறையில் நுண்துளைகள் நிறைந்த பீங்கான் வளையங்கள் இருக்கும். கடைசி அறையில் பம்ப் இருக்கும். செலவைக் குறைக்கக் கூடாத இடம் இந்தப் பம்ப் ஒன்றே. தில்லிக் கடைகளில் கூலர் பம்ப் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் உலோகத் தண்டு உள்ள பம்ப் உப்புநீரில் துருப்பிடித்து மீன்களுக்கு நஞ்சாகும். மின்னிணைப்பைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

சம்ப் அமைப்போர் பலரும் மறப்பது வெற்றிடத்தை. மின்தடை ஏற்பட்டால் பம்ப் நிற்கும்; மேல்தொட்டியின் நீரோ ஏற்றிய குழாய் வழியே பின்னோக்கி இறங்கும். அக்குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு 3 செ.மீ. கீழே உள்ளது எனக் கொள்வோம். மேல்தொட்டியின் நீளம் 90 செ.மீ., அகலம் 40 செ.மீ. எனில், இறங்கும் நீர் 90 × 40 × 3 = 10,800 கன செ.மீ., அதாவது 10.8 லிட்டர். சம்ப் 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உடையதாயின், ஒவ்வொரு செ.மீ. உயரத்திலும் 1.8 லிட்டர் நீர் நிற்கும். ஆகவே சம்பின் நீர்மட்டம் 6 செ.மீ. உயரும். குழாய்களில் நிற்கும் நீரும் இதனோடு சேரும். மேலே 10 செ.மீ. காலியாக விட்டவர் வீட்டில் தரை நனையாது. மீன்களை விடும் முன்பே பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்ப்பது அறிவுடைமை.

தில்லியின் கோடை மற்றொரு சோதனை. ‘லூ’ என்னும் வறண்ட வெப்பக்காற்று வீசும் நாள்களில் நீர் விரைந்து ஆவியாகும், உப்போ ஆவியாகாது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வெயிலில் காத்திருப்பது இதே நிகழ்வுக்காகத்தான்! அவர்களுக்கு விளைச்சலாவது மீன்களுக்குத் துன்பமாகிறது. நீர் குறைவது சம்பின் கடைசி அறையில்தான் தெரியும். அங்கு ஒரு கோடு வரைந்து, நாள்தோறும் அக்கோடு வரை நன்னீர் ஊற்ற வேண்டும். உப்புநீரை ஊற்றினால் உப்பின் செறிவு மேலும் மிகும்.

இவையெல்லாம் முடிந்தும் மீன்களை உடனே விடலாகாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அது கொடிய நஞ்சு. பீங்கான் வளையங்களில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும. அவை பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிறிதளவு மீனுணவை இட்டு, அதன் அழுகலைக் கொண்டே அவற்றை வளர்க்கலாம். இந்தக் காத்திருப்புக்குப் பணம் வேண்டா; பொறுமைதான் வேண்டும்.

சில நாடுகளில் பவளத்திட்டிலிருந்து எடுத்த கல்லைத் தொட்டியில் இட்டு இப்பாக்டீரியாக்களைப் பெறுவர். இந்தியாவில் அது குற்றம். பாறைத்திட்டுகளை உருவாக்கும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த திட்டுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. முன்னர் அப்பவளங்களைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்தனர். அவை மீள்வதற்கு நெடுங்காலம் ஆகும். கடையில் யாரேனும் பவளக் கல்லைக் காட்டினால், விலை எவ்வளவு குறைவாயினும் மறுத்துவிட வேண்டும். மலிவான பீங்கான் வளையங்கள் அவ்வேலையைச் செவ்வனே செய்யும்.

மீன்களையும் கடலிலிருந்து பிடிக்க வேண்டியதில்லை. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. அவ்வாறு பிறந்த மீன்கள் தொட்டி வாழ்வுக்கு விரைவில் பழகும். அம்மோனியா, நைட்ரைட்டு இரண்டின் அளவும் சோதனையில் சுழியம் எனத் தெரிந்த பின்னரே முதல் இரண்டு மீன்களை விடுதல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
செறிவு – அடர்த்தி. விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு. பொரிப்பகம் – முட்டைகளைப் பொரிக்கச் செய்யும் இடம். சுழியம் – பூச்சியம்.

பயிற்சி
1. ஆவியான நீருக்கு ஈடாக உப்புநீரை ஊற்றலாகாது. ஏன்?
2. குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு 5 செ.மீ. கீழே இருந்தால், பாடத்தில் கூறிய சம்பின் நீர்மட்டம் எவ்வளவு உயரும்?
3. உப்பளத் தொழிலாளர் ஒருவரும் மீன் வளர்ப்பவர் ஒருவரும் வெயிலைப் பற்றி உரையாடுவதாகப் பத்து வரி எழுதுக.